எஸ்ஏடி தேர்வில் ஒரு பிரிவு உயர்ந்து மற்றொன்று தாழ்ந்தால்: விண்ணப்பிக்கும் முன் போட வேண்டிய கணக்கு

அமெரிக்காவில் இடம் கிடைப்பது அரிதான கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பவர்கள் பலர், 1600-க்கு எவ்வளவு என்று பார்ப்பதோடு நின்றுவிடுகிறார்கள். அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கு எழுதப்படும் எஸ்ஏடி தேர்வில் கணிதம் ஒரு பிரிவு, வாசிப்பும் எழுத்தும் சேர்ந்தது மற்றொரு பிரிவு. ஒவ்வொன்றுக்கும் 200 முதல் 800 வரை மதிப்பெண். எனவே 1450 என்பது 730-உம் 720-உம் சேர்ந்ததாக இருக்கலாம். 800-உம் 650-உம் சேர்ந்ததாகவும் இருக்கலாம். விண்ணப்பத்தைப் படிப்பவருக்கு இவ்விரண்டும் ஒன்றல்ல.

முதலில், கல்லூரியின் பெயரோடு 'காமன் டேட்டா செட்' என்று தேடி, கல்லூரிகள் தங்கள் புள்ளிவிவரங்களை வெளியிடும் அந்த ஆவணத்தின் சி9 பகுதியைத் திறந்துகொள்ளுங்கள். மதிப்பெண் அனுப்பிச் சேர்ந்தவர்களின் 25-ஆம், 75-ஆம் சதமான மதிப்பெண்கள் பிரிவுவாரியாக அங்கே இருக்கும். வாசிப்புப் பிரிவின் 25-ஆம் சதமானம் 710 என்றிருந்தால், உங்கள் 650 அங்கே சேர்ந்தவர்களின் கடைசிக் கால்பங்கில் விழுகிறது. கணிதத்தின் 800 அதை மறைத்துவிடாது. எத்தனை விழுக்காட்டினர் மதிப்பெண் அனுப்பினர் என்பதும் அதே இடத்தில் இருக்கும். தேர்வு கட்டாயமில்லாத கல்லூரிகளில் குறைவாகப் பெற்றவர்கள் அனுப்பாமலே விட்டுவிடுவதால், அந்த எண்கள் சற்று உப்பியே தெரியும்.

அடுத்து, எடுக்க விரும்பும் பாடத்தோடு பொருத்திப் பாருங்கள். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்ஐடியில் கணிதத்தின் 25-ஆம் சதமானமே அண்மை ஆண்டுகளில் 780-ஐ ஒட்டி இருந்திருக்கிறது. அங்கே கணிதத்தில் 710 எடுத்தவரின் நிலை, வாசிப்பில் 710 எடுத்தவரின் நிலையைவிடக் கடினமானது. அதற்காக, பொறியியலுக்கு ஆங்கிலம் எதற்கு என்று இருந்துவிட முடியாது. பட்டம் பெற மானுடப் பண்பியல், கலை, சமூக அறிவியல் பாடங்கள் எட்டை அங்கே எல்லோரும் படித்தாக வேண்டும்.

மூன்றாவது படியில்தான் உண்மையான ஆதாயம் இருக்கிறது. பல கல்லூரிகள் வெவ்வேறு தேதிகளில் எழுதிய தேர்வுகளிலிருந்து ஒவ்வொரு பிரிவின் உயர்ந்த மதிப்பெண்ணை எடுத்துக் கூட்டுகின்றன. இதற்குச் சூப்பர்ஸ்கோர் என்று பெயர். மார்ச்சில் கணிதம் 780, வாசிப்பு 640. ஆகஸ்டில் கணிதம் 750, வாசிப்பு 710 என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியே 1420, 1460, சூப்பர்ஸ்கோரோ 1490. ஒரு பிரிவை மட்டும் மறுபடி எழுத வழியில்லை என்றாலும், தயாரிப்பு நேரம் முழுவதையும் தாழ்ந்த பிரிவுக்கே கொடுக்கலாம். அந்தப் பிரிவின் முதல் பாதியை எப்படிச் செய்கிறீர்களோ, அதைப் பொறுத்தே இரண்டாம் பாதி கடினமாகவோ எளிதாகவோ வரும். எளிய பாதி வந்துவிட்டால் உச்ச மதிப்பெண்கள் எட்டாது. ஆகவே முதல் பாதியில் கவனப்பிழைகளைக் குறைப்பதே முதல் வேலை. எல்லாத் தேர்வுகளின் மதிப்பெண்களையும் கேட்கும் ஜார்ஜ்டவுன் போன்ற கல்லூரிகளும் உண்டு என்பதால், ஒவ்வொரு கல்லூரியின் விதியையும் தனியே படித்துவிடுங்கள்.

பிறகு மற்ற ஆவணங்களைப் பாருங்கள். வாசிப்பில் 640 எடுத்தவரின் கட்டுரை தேர்ந்த எழுத்தாளருடையதுபோல் மின்னினால், படிப்பவருக்கு ஐயம் எழுவது இயல்பு என்பது என் கருத்து. பள்ளியின் ஆங்கில மதிப்பெண்ணும் ஆசிரியரின் பரிந்துரையும் அதைவிட நம்பகமாகத் துணைநிற்கும்.

கடைசியாக, அனுப்புவதா வேண்டாமா என்ற முடிவு. கலிபோர்னியா பல்கலைக்கழகம் சேர்க்கைக்கு எஸ்ஏடியைப் பார்ப்பதே இல்லை. எம்ஐடி 2022-இலும், டார்ட்மத், ஹார்வர்டு ஆகியவை 2024-இலும் தேர்வை மீண்டும் கட்டாயமாக்குவதாக அறிவித்தன. அங்கே அனுப்பாமல் விடும் வாய்ப்பு உங்களுக்கு இல்லை. கட்டாயமில்லாத இடங்களிலும் கணிதத்தை மட்டும் காட்டிவிட்டு வாசிப்பை ஒளிக்க முடியாது என்பதால், சி9-இன் இரு வரிசைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள். நவம்பர் 1-ஆம் தேதிக்குள் முன்கூட்டி விண்ணப்பிப்பவர்களுக்கு மறுதேர்வு எழுத ஆகஸ்டும் செப்டம்பரும் அக்டோபரும்தான் மிச்சம்.