நடுகல் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

சென்ற ஞாயிறன்று வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்தில் கல்லூரி மாணவர்கள் ஆறு பேருக்கு நடுகற்களை, அதாவது சண்டையில் இறந்த வீரர்களின் நினைவாக நட்ட கற்களைக் காட்டினேன். இருபது ஆண்டுகளுக்கு முன் நான் செய்த பிழைகளை ஒன்றுவிடாமல் செய்தார்கள். தொடாதீர்கள், சத்தம் போடாதீர்கள் என்பதை அங்கே இருக்கும் பலகைகளே சொல்லும். நான் சொல்ல வருவது வேறு.

வெள்ளிக்கிழமை போவது

அன்று விடுமுறை.

எழுத்தின் மேல் சாக்பீஸ் தேய்ப்பது

ஒரு மாணவர் தன் ஊர் ஏரிக்கரையில் நிற்கும் நடுகல்லின் படத்தைக் கைபேசியில் காட்டினார். எழுத்து முழுவதும் வெள்ளைக் கோடு. "சார், இப்போது பளிச்சென்று தெரிகிறதே" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. சாக்பீஸ் பிடித்த கை தனக்குத் தெரிந்த எழுத்தைத்தான் எழுதும். தமிழின் பழைய எழுத்து முறையான வட்டெழுத்தில் தேய்ந்துபோன பகரமும் வகரமும் ஒன்றுபோலவே தெரியும். எதை நினைத்துக் கோடு போடுகிறோமோ அதுதான் படத்தில் பதியும்.

நானும் அப்படித்தான் ஒரு கல்லில் வீரனின் ஊர்ப்பெயரைத் தவறாகப் படித்தேன். கல்லில் இருந்த வெடிப்பு ஒன்றையும் எழுத்தின் கால் என்று வெள்ளையடித்திருந்தேன். அந்தப் படத்தை நம்பி நண்பர்கள் இருவர் அதே பிழையைத் தங்கள் கட்டுரைகளில் எழுதினார்கள். மறுபடி போய்ப் பார்த்துத் திருத்தி எழுத எனக்கு இரண்டு ஆண்டு ஆனது. அவர்கள் அச்சில் கொடுத்ததைத் திரும்பப் பெற முடியவில்லை.

இழப்பு எவ்வளவு பெரியது என்பதற்கு எடுத்தனூர்க் கல்லைச் சொல்வேன். பழைய வட ஆற்காட்டின் செங்கம் பகுதியில் உள்ள அந்த நடுகல் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. இறந்த வீரன் கருந்தேவக்கத்தியோடு, கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற நாயின் பெயரையும் அது சொல்கிறது: கோவிவன். ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக ஒரு நாயின் பெயர் ஆழமில்லாத சில கீறல்களில் பிழைத்து வந்திருக்கிறது. ஒரு கீறல் மாறினால் அந்தப் பெயரே மாறிவிடும்.

ஒரு டார்ச் போதும். கல்லின் முகத்துக்கு நேராகப் பிடிக்காமல், பக்கவாட்டில் கல்லை ஒட்டிப் பிடியுங்கள். கீறலுக்குள் நிழல் விழுந்து எழுத்து தானே எழும். திறந்த வெளியில் நிற்கும் கல் என்றால் வெயில் சாய்வாக விழும் காலையிலோ மாலையிலோ போங்கள். உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. கல்லில் தாளை ஒற்றி மை தடவி எழுத்தைப் படியெடுக்கும் மைப்படி வேலையைப் பயிற்சி உள்ளவர்களிடம் விட்டுவிடுங்கள்.

பழைய மாவட்டத்தை இன்றைய வரைபடத்தில் தேடுவது

பழைய நூல்களில் 'வட ஆற்காடு' என்றிருந்தால் வேலூரில் மட்டும் தேடாதீர்கள். 1989இல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. செங்கம் இப்போது திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது.

சிலையின் முதுகைப் பார்க்காமல் நகர்வது

நடுகல்லோடு சிலைகளையும் பார்ப்பீர்கள். கோயில் சுவரில் உள்ள மாடத்தில் பொருத்துவதற்காகச் செய்த சிலைக்குப் பின்புறம் செதுக்கியிருக்க மாட்டார்கள். உளி மட்டும் கொத்திவிட்ட அந்தப் பரப்புதான் சிலை எங்கே நின்றது என்பதற்குத் தடயம். அதைப் பார்த்த கையோடு, சிற்பம் தன் இடத்திலேயே நிற்பதைப் பார்க்க, கோட்டைக்குள்ளேயே உள்ள ஜலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத்துக்குப் போங்கள். அங்கே யாளியும், முன்னங்கால் தூக்கிய குதிரையும், அதன் மேல் வீரனும் தூணோடு தூணாகக் கூரையைத் தாங்கி நிற்கிறார்கள். அன்று மாணவர்களை அங்கே அழைத்துப் போனபோது, சாக்பீஸ் பூசிய அதே மாணவர் கைபேசி விளக்கை ஏற்றி ஒரு குதிரையின் கழுத்தை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தார். கடிவாளத்தின் மணிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.