கிளவுடில் போட்டாச்சு, இனிக் கவலையில்லையா?

‘எல்லாத்தையும் கிளவுடில் போட்டாச்சு’ என்று சொல்லும்போது, நகையை பேங்க் லாக்கரில் வைத்துவிட்டு வந்தவர் போல ஒரு நிம்மதி குரலில் தெரியும். நான் பார்த்த தவறுகளில் பாதி அந்த நிம்மதியில் பிறந்தவை.

மேகம் என்பது பெயரில்தான். இருப்பது கட்டடம். உள்ளே வரிசை வரிசையாக சர்வர் கணினிகள், குளிர்விக்கும் இயந்திரங்கள், கரண்ட் போனால் ஓட ஜெனரேட்டர். ஒரு பெரிய சர்வரை ஹைப்பர்வைசர் என்ற மென்பொருள் பல மெய்நிகர் கணினிகளாகப் பிரித்துத் தரும். அதில் ஒன்றைத்தான் நாம் வாடகைக்கு எடுக்கிறோம். அமேசான் 2006இல் இந்த வாடகைக் கடையைத் திறந்தது. மைக்ரோசாஃப்ட் 2015இல் இந்தியாவில் தொடங்கிய மூன்று இடங்களில் சென்னையும் ஒன்று.

கட்டடம் என்றால் தீப்பிடிக்கவும் செய்யும். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூரில் ஓவிஎச் நிறுவனத்தின் ஐந்து மாடி டேட்டா சென்டர் ஒன்று எரிந்தே போனது. ரஸ்ட் என்ற ஆன்லைன் கேமின் ஐரோப்பிய சர்வர்களில் இருந்த தரவு திரும்பி வரவில்லை. பேக்கப் வைத்திருந்தவர்களிலும் சிலர் தப்பவில்லை. அவர்களுடைய பேக்கப்பும் அதே வளாகத்தில்தான் இருந்தது. கட்டடம், கரண்ட், வன்பொருள் ஆகியவை கிளவுட் நிறுவனத்தின் பொறுப்பு. உங்கள் தரவுக்கு இன்னொரு பிரதி இன்னொரு ஊரில் இருக்கிறதா என்பது பெரும்பாலும் உங்கள் பாடு.

ஊர் மாறினால் மட்டும் போதாது, அக்கவுன்ட்டும் மாற வேண்டும். கோட் ஸ்பேஸஸ் என்ற நிறுவனத்தின் அமேசான் கன்ட்ரோல் பேனலுக்குள் 2014 ஜூனில் ஒருவன் நுழைந்து பணம் கேட்டான். அவர்கள் அவனை வெளியேற்றப் பார்க்க, அவன் கையில் அகப்பட்டதையெல்லாம் அழித்தான். பேக்கப்பும் பெரும்பகுதி போனது. நிறுவனத்தையே மூட வேண்டியதாயிற்று. முதன்மை அக்கவுன்ட்டுக்கு இரட்டைச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீட்டையும் கேட்பது) போடாமல் இருப்பவர்கள் அதை இன்றைக்கே போட்டுவிடலாம், ஐந்து நிமிட வேலை.

வீட்டில் நடக்கும் தவறு வேறு மாதிரி. சிங்க்கை (போனையும் கிளவுடையும் ஒரே மாதிரி வைத்திருக்கும் வசதியை) பேக்கப் என்று நினைத்துக்கொள்வது. போனில் இடம் பத்தவில்லை என்று கூகுள் போட்டோஸ் ஆப்பைத் திறந்து, ‘அதான் கிளவுடில் இருக்கே’ என்று கல்யாணப் படங்களை அழிப்பார்கள். அங்கே அழித்தால் இரண்டு இடத்திலும் போகும். பேக்கப் ஆன படமென்றால் குப்பைத்தொட்டியில் 60 நாள் கிடக்கும், பிறகு அதுவும் இல்லை. போனில் மட்டும் இடம் காலியாக வேண்டுமென்றால் அதற்கென்றே தனி வசதி அந்த ஆப்பில் உண்டு.

கோடு எழுதுகிற பிள்ளைகளுக்கு ஒன்று: கிளவுட் அக்கவுன்ட்டின் ரகசியச் சாவியை நிரலுக்குள் எழுதி, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஏற்றாதீர்கள். அதைத் தேடியே சுற்றும் தானியங்கி நிரல்கள் சில நிமிடங்களில் கண்டுபிடித்து, உங்கள் செலவில் மெஷின்களை ஓடவிட்டு கிரிப்டோ நாணயம் தோண்ட ஆரம்பித்துவிடும்.

கடைசியில் பில். கல்யாண மண்டபம் பேசியவர்களுக்கு இது புரியும். வாடகை ஒரு தொகை சொல்வார்கள்; கணக்கு முடிக்கும்போது கரண்ட், ஜெனரேட்டர் டீசல், கிளீனிங் எல்லாம் தனித்தனியாக வந்து நிற்கும். கிளவுடும் அப்படித்தான். மெஷினை நிறுத்திவிட்டோமே என்று இருப்பீர்கள். அதோடு ஒட்டிய டிஸ்க்குக்கு மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும். மெஷினுக்கு இணையத்தில் இருக்கும் விலாசமான பொது ஐபி முகவரி (IPv4 வகை) ஒவ்வொன்றுக்கும் அமேசான் 2024 பிப்ரவரி முதல் மணிக்கு 0.005 டாலர் வைக்கிறது, மாதத்துக்கு 3.6 டாலர். தரவை உள்ளே ஏற்றப் பெரும்பாலும் காசில்லை, வெளியே எடுக்கத்தான் காசு. (மண்டபத்துக்காரர்களுக்கு இந்த யோசனை இன்னும் வரவில்லை.)

இன்னொரு வேடிக்கை, நானே மாட்டிக்கொண்டது. கிளவுட் நிறுவனங்கள் தங்கள் டேட்டா சென்டர்களை ஊர்வாரியாக ரீஜியன் என்று பிரித்து வைத்திருக்கும். மும்பை ரீஜியனில் ஒரு மெஷினை ஓடவிட்டிருந்தேன். மறுமுறை திறந்தபோது திரை வர்ஜீனியா ரீஜியனைக் காட்டியது, பட்டியல் காலி. அழித்துவிட்டோம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். மாதக் கடைசியில் பில் வந்துதான் ஞாபகப்படுத்தியது. அதிலிருந்து அக்கவுன்ட் திறந்த கையோடு பட்ஜெட் அலர்ட் (செலவு குறித்த தொகையைத் தொட்டால் வரும் எச்சரிக்கை) வைத்துவிடுகிறேன். ஆனால் அது மெயில்தான் அனுப்பும். நாம் தனியாகச் சொல்லிவைக்காத வரை மெஷினை அதுவாக நிறுத்தாது.