பழைய போல்ட் ரைபிள் வாங்குவதும் குழல் மாற்றுவதும்

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் வளவை (உள்முற்றத்தை) ஒட்டிய உள்ளறைப் பீரோவில், பழந்துணி சுற்றிய ஒரு ரைபிள் ஐயா காலத்திலிருந்து கிடப்பது அபூர்வமன்று. பங்காளிகளுக்குள் பாகப்பிரிவினை நடக்கும்போதோ, உரிமம் வைத்திருந்த பெரியவர் காலமான பிறகோதான் அது வெளியே வருகிறது. அப்போது கேட்கப்படும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "குழல் துருப்பிடித்துப் போயிற்று, புதுக் குழல் போட்டுக்கொள்ளலாமா?" மாவட்ட ரைபிள் கிளப்பில் பல ஆண்டுகளாக இலக்குச் சுட்டுப் பழகியவன் என்ற முறையில் நான் சொல்வது, குழலைப் பற்றிய பேச்சு கடைசியாக வரவேண்டும் என்பதே. குழல் தேயும், மாற்றலாம். போல்ட் (தோட்டாவை அறைக்குள் தள்ளி மூடும் உருளை) ஓடும் இரும்புக் கூடாகிய பாடியும், அதற்குரிய காகிதமும் கெட்டிருந்தால், எவ்வளவு நல்ல குழலைப் பொருத்தினாலும் அந்த ரைபிளால் பயனில்லை.

எதை வாங்கலாம் என்பதில் முதலில் தெளிவு வேண்டும். அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கும் நம் உறவினர்கள், ராணுவம் கழித்துவிட்ட லீ என்ஃபீல்டு, மவுசர், மோசின் நாகான் ரைபிள்களை அந்தந்த நாட்டுச் சட்டப்படி வாங்கித் தாங்களே குழல் மாற்றுவதைப் படம் எடுத்து அனுப்புவார்கள். இங்கே அந்த வழி இல்லை. ராணுவ லீ என்ஃபீல்டின் தோட்டா ரகமான .303 நம் நாட்டில் தடைசெய்யப்பட்டது. கலெக்டர் அலுவலகம் கொடுக்கும் சாதாரண உரிமத்தில் அதை வைத்திருக்க முடியாது. நமக்குக் கிடைக்கக்கூடியது, வங்காளத்தின் இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை செய்த .315 ஸ்போர்ட்டிங் ரைபிள். ராணுவத் தோட்டா குடிமக்கள் கைக்குப் போகக்கூடாது என்ற வெள்ளைக்காரன் காலத்துக் கட்டுப்பாட்டினால், அதே லீ என்ஃபீல்டு பாடியில் 8 மில்லிமீட்டர் தோட்டாவுக்கான குழலைப் போட்டு உருவாக்கப்பட்டது அது. ஆகவே, 1907இல் வந்த மூன்றாம் மார்க் (மாடல்) லீ என்ஃபீல்டைப் பற்றித் தெரிந்துகொண்டதெல்லாம் இதற்கும் ஏறக்குறையப் பொருந்தும்.

அடுத்தது காகிதம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் கைக்கு வந்த பிறகே துப்பாக்கி கைக்கு வரவேண்டும். காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கத்தவர்கள் சிவகங்கை கலெக்டரிடமும், பொன்னமராவதி, ராங்கியம் பக்கத்தவர்கள் புதுக்கோட்டை கலெக்டரிடமும் விண்ணப்பிக்க வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் இரண்டே. உரிமம் ஐந்தாண்டுக்குச் செல்லும். தனி ஆளிடமிருந்து வாங்குவதானால், விற்பவர் மாவட்ட நிர்வாகத்துக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிந்த பிறகே கைமாற்ற முடியும். உரிமதாரர் இறந்துவிட்டால், வாரிசின் பெயருக்கு உரிமம் வரும்வரை ரைபிளைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிவிட வேண்டும். "வீட்டுச் சாமான்தானே" என்று பீரோவிலேயே விட்டுவைப்பது குற்றம். 2016ஆம் ஆண்டு விதிகள், உரிமதாரர் எழுபது வயதை எட்டியதும் அல்லது அந்தத் துப்பாக்கியை இருபத்தைந்து ஆண்டு வைத்திருந்ததும், உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்ற இடம் தருகின்றன. பெரியவர்கள் நடமாட்டத்தோடு இருக்கும்போது இதை முடித்துவிடுவது குடும்பத்துக்குப் பெரிய நிம்மதி. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் மரச்சாமானும் பீங்கானும் தாராளமாக வாங்குங்கள்; துப்பாக்கி என்று யாராவது எதையாவது காட்டினால் தொடாமல் வந்துவிடுங்கள்.

இனி ரைபிளைப் பார்க்கும் முறைக்கு வருவோம். கையில் வாங்கியவுடன் மேகசினை (தோட்டாப் பெட்டியை)க் கழற்றி, போல்டைத் திறந்து, தோட்டா அறைக்குள் கண்ணாலும் சுண்டுவிரலாலும் பார்த்து, காலி என்று உறுதிசெய்த பிறகே மற்றவை. பாடியில் உள்ள எண்ணும், போல்ட் கைப்பிடியின் பின்புறம் வெட்டப்பட்டிருக்கும் எண்ணும், உரிமத்தில் எழுதியிருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்கவேண்டும். லீ என்ஃபீல்டில் போல்ட் அந்தந்தப் பாடிக்கென்று பார்த்துப் பொருத்தப்பட்டது. எண் மாறியிருந்தால் யாரோ இடையில் கைவைத்திருக்கிறார்கள் என்று பொருள். டிபி என்ற முத்திரை இருந்தால் அது கவாத்துப் பயிற்சிக்கு ஒதுக்கப்பட்டது, சுடுவதற்கு ஆகாது. முன்பகுதியில் கம்பி சுற்றி, ஈஒய் என்று பொறித்திருந்தால் அது கையெறி குண்டு வீசுவதற்கு ஒதுக்கப்பட்ட தேய்ந்த ரைபிள். இத்தகையவற்றுக்குப் புதுக் குழல் போட்டு உயிர்கொடுக்க நினைப்பது ஆபத்து.

பிறகு போல்டை முழுதும் உருவி எடுத்துவிட்டு, தோட்டா அறைப் பக்கம் ஒரு வெள்ளைக் காகிதத்தைச் சாய்த்துப் பிடித்து, அதில் வெளிச்சம் படும்படி வாய்ப்பக்கத்திலிருந்து பாருங்கள். குழலுக்குள் சுருளாக ஓடும் தவாளிப்புகளின் ஓரங்கள் கத்தி வைத்துக் கீறியதுபோல் கூர்மையாகத் தெரிந்தால் நல்லது. சாம்பல் பூத்ததுபோல் மங்கலாக இருந்தால் கவலைப்படத் தேவையில்லை. அப்படிப்பட்ட குழல்கள் நன்றாகவே சுடுகின்றன. அம்மைத் தழும்பு மாதிரி கரும்பள்ளங்கள் இருந்தால், அதிலும் தோட்டா அறைக்கு அடுத்த ஒரு சாண் தூரத்தில் இருந்தால், குழல் முடிந்தது. குழலுக்குள் ஓரிடத்தில் மட்டும் நிழல் வளையம் ஒன்று தெரிந்தால் அங்கே உட்புறம் உப்பியிருக்கிறது. உள்ளே அடைப்பு இருந்தபோது சுட்டிருக்கிறார்கள். அந்தக் குழலை மறுபேச்சின்றி ஒதுக்கிவிட வேண்டும். இந்தப் பள்ளங்கள் உண்டாவதன் காரணம் எளியது. பழைய தோட்டாக்களின் கேப்பில் (அடியில் தீப்பற்றவைக்கும் மூடியில்) இருந்த பொட்டாசியம் குளோரேட் எரிந்ததும் உப்பாகக் குழலில் படியும்; அந்த உப்பு ஐப்பசி மழைக்காலத்து ஈரத்தை இழுத்துத் துருவாக்கும். எண்ணெயில் அது கரையாது. கொதிக்கும் நீர் ஊற்றிக் கழுவித் துடைத்தால்தான் போகும். நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் எண்ணெய் மட்டும் தடவி வைத்ததுதான் இத்தனை குழல்கள் கெட்டதற்குக் காரணம்.

அந்த எண்ணெயும் நல்லெண்ணெயாக இருந்துவிட்டால் இன்னொரு சிக்கல் உண்டு. எங்கள் ஐயாவின் (தாத்தாவின்) ரைபிளை அப்பச்சி (தந்தை) பெயரில் மாற்றியபோது, போல்ட் அரைவழியில் நின்றுவிட்டது. வார்னிஷ் பூசியதுபோல் பழுப்பு நிறத்தில் நல்லெண்ணெய் காய்ந்து, சுடும் ஊசியின் சுருளுக்குள் வரை கோந்தாக இறுகியிருந்தது. மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊறவைத்துத் துணியால் துடைத்தபின், அடியில் இரும்பு புதுசுபோல் இருந்தது. குழலிலும் தவாளிப்புகள் முழுமையாக இருந்தன. அன்று அவசரப்பட்டிருந்தால் நல்ல குழலைக் கழற்றி எறிந்திருப்போம். ஆகவே நன்றாகச் சுத்தம் செய்து, வாய் விளிம்பில் அடிபட்டிருக்கிறதா, முன்கட்டை குழலை எங்காவது ஒருபக்கமாக அழுத்துகிறதா, கட்டைக்கு அடியில் மறைவாகத் துரு இருக்கிறதா என்று பார்த்து, இலக்குத் திடலில் சுட்டுப் பார்த்த பிறகும் குண்டுகள் சிதறினால் மட்டுமே குழல் மாற்றும் முடிவுக்கு வாருங்கள்.

மாற்றுவதென்று முடிவானால், அந்த வேலை, உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடமே போகவேண்டும். லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும், உரிமம் இல்லாமல் அவர் தொட்டால் அவருக்கும் நமக்கும் வழக்கு. புதுக் குழல் அதே ரகத்திலும் அதே நீளத்திலும் இருக்கவேண்டும். குழலைக் குறுக்குவதற்குச் சட்டத்தின் 6ஆம் பிரிவு தனி உரிமம் கேட்கிறது. ஒரு வகைத் துப்பாக்கியை வேறு வகையாக மாற்றுவதும் 2019 முதல் அதே பிரிவுக்குள் வருகிறது. வேலையைத் தொடங்குமுன் கலெக்டர் அலுவலகத்தில் எழுத்துமூலம் அனுமதி வாங்கிவிடுவதே என் வழக்கம்.

பட்டறையில் நாம் கவனிக்க வேண்டிய இடங்கள் மூன்று. குழலைக் கடினமரக் கட்டைகளுக்கிடையே இறுக்கிப் பிடித்து, பாடிக்கென்று செய்த சாவியால்தான் மரையைத் திருக வேண்டும். பைப் ரிஞ்சைப் போட்டால் பாடி முறுகிவிடும். புதுக் குழல் கையால் திருகும்போது நேர்நிலைக்குச் சில பாகை முன்பே நின்று, பிறகு அழுத்தித் திருகும்போது முன்காட்சி (குறிபார்க்கக் குழல் முனையில் உள்ள முளை) சரியாக உச்சிக்கு வரவேண்டும். கையாலேயே உச்சிக்கு வந்துவிட்டால் அது தளர்ந்த பொருத்தம். மூன்றாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது, ஹெட்ஸ்பேஸ். மூடிய போல்டின் முகத்துக்கும், தோட்டாவின் அடிவிளிம்பு உட்காரும் குழல் முகத்துக்கும் இடையேயுள்ள தூரம் அது. .303 லீ என்ஃபீல்டுக்கு இது 0.064 அங்குலத்திலிருந்து 0.074 அங்குலத்துக்குள் இருக்கவேண்டும். .315க்கு அதற்குரிய கேஜை (அளவுக் கருவியை) வைத்துத்தான் அளக்க வேண்டும். சிறிய கேஜின் மேல் போல்ட் மூடவேண்டும், பெரியதன் மேல் மூடக்கூடாது. இதை உங்கள் கண்முன் செய்துகாட்டச் சொல்லுங்கள். பின்னால் வந்த நான்காம் எண் லீ என்ஃபீல்டில் 0 முதல் 3 வரை அளவிட்ட போல்ட் தலைகள் (போல்டின் முன்முனைத் துண்டுகள்) இருந்தன, மாற்றிப் போட்டுச் சரிசெய்யலாம். நம் ரகத்தில் அந்த வரிசை இல்லாததால், பொருந்தும் தலையைத் தேடி ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

இதில் நான் பட்ட அனுபவம் உண்டு. ஒரு பட்டறையில் கேஜ் இல்லாமலே, போல்ட் இலகுவாக மூடவில்லை என்று போல்ட் தலையை அரத்தால் ராவிக் கொடுத்துவிட்டார்கள். திடலில் நான்காவது தோட்டாவின் பித்தளைக் கூடு அடிவிளிம்புக்குச் சற்று மேலே சுற்றிவரக் கிழிந்து, பாதி குழலிலேயே தங்கிவிட்டது. கண்ணாடி போட்டிருந்ததால் புகை மட்டுமே முகத்தில் அடித்தது. முதல் மூன்று கூடுகளையும் பிறகு எடுத்துப் பார்த்தபோது, அதே இடத்தில் பளபளவென்று மெல்லிய வளையம் ஓடியிருந்தது. அந்த வளையத்தை அன்றே கவனித்திருக்க வேண்டும்.

அதனால் புதுக் குழலில் முதல் தோட்டாக்களைத் தோளில் வைத்துச் சுடாமல், ரைபிளைத் தாங்கியில் கட்டிவைத்து, தூரத்திலிருந்து கயிறு இழுத்துப் பழுதுபார்ப்பவரையே சுடச் சொல்லுங்கள். ஒவ்வொரு கூட்டையும் வெயிலில் திருப்பித் திருப்பிப் பாருங்கள்: வளையம், பிளவு, கேப் வெளியே துருத்தல் ஆகிய எதுவும் இல்லாவிட்டால் மட்டும் ரைபிளைக் கையில் வாங்குங்கள். பிறகு 50 மீட்டரில் ஐந்து ஐந்தாகச் சுட்டு, ஒவ்வொரு ஐந்துக்கும் நடுவே குழல் கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறும்வரை காத்திருந்து, முன்காட்சியைச் சரிசெய்யுங்கள். திடலிலிருந்து திரும்பிய அன்றே வெந்நீர் ஊற்றிக் கழுவி, உலரத் துடைத்து, துப்பாக்கி எண்ணெயை மெல்லியதாகத் தடவுங்கள். பட்டறை ரசீதில் பாடி எண், குழலின் ரகம், நீளம், வேலை முடிந்த தேதி நான்கும் எழுதியிருக்கிறதா என்று பார்த்து, அதன் நகலை உரிமப் புத்தகத்துக்குள் வையுங்கள். தேர்தல் வரும்போது ரைபிளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கப் போகையில் அதையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.