செம்பனை போயி தாமான் வருது: நாம திரும்பத் திரும்ப பண்ற தப்புங்க

சிலாங்கூர் பந்திங் பக்கம் இருக்கறவங்களுக்கு இது புதுசு இல்ல. நேத்து வரைக்கும் செம்பனைத் தோட்டமா (பாமாயில் எடுக்கற மரம்) இருந்த எடம், ஒரு மாசம் கழிச்சு மோட்டார்ல போறப்ப பார்த்தா வெறும் செம்மண்ணு, முன்னால ஒரு பெரிய பேனர், அதுல சிரிச்சிக்கிட்டு ஒரு குடும்பம். ரெண்டு வருசத்துல டபுள் ஸ்டோரி வீடுங்களோட ஒரு தாமான், அதாவது புதுக் குடியிருப்பு. அடுத்த மழைக்கு பக்கத்து கம்போங்ல (கிராமத்துல) முழங்கால் தண்ணி. அப்பதான் நம்மாளுங்க ஒட்டுக்கடையில உக்காந்து தே தாரிக் ஆத்திக்கிட்டே "இதுக்கெல்லாம் எவன்யா லூலூஸ் (அனுமதி) குடுத்தான்"னு கேப்போம். கேக்க வேண்டிய கேள்விதான், ஆனா அத கேக்கறதுக்குன்னு ஒரு நேரம் இருந்துச்சு, அது எப்பவோ முடிஞ்சு போச்சு. பெரிய தப்பே அதுதான்.

எங்க கதையையே சொல்றேன். நகராண்மைக் கழகத்தோட ரான்சாங்கான் தெம்பாத்தான், அதாவது எந்த நிலம் எதுக்குன்னு சொல்ற உள்ளூர்த் திட்டம், அதோட நகல் மக்கள் பார்வைக்கு வச்சிருக்காங்கன்னு நோட்டீஸ் வந்துச்சு. எங்க தாமான்ல ஒருத்தரு அத பார்த்தும் இருக்காரு, ஏதோ டெண்டர் விசயம்னு நெனச்சு விட்டுட்டாரு. நாங்க அறுபது கையெழுத்து வாங்கி மனு எடுத்துக்கிட்டு போனப்ப கவுண்டர்ல இருந்த பொண்ணு ரொம்ப மரியாதையா, "அங்கிள், இது பத்து நாளைக்கு முன்னாடியே தூத்துப் (மூடியாச்சு) ஆயிடுச்சே"ன்னு தேதிய விரல் வச்சு காட்டுச்சு. அந்தப் பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்ல. சுவத்துல மாட்டியிருந்த மேப்புல எங்க லயம் இருந்த எடம், கோயில் திடல், பின்னால இருந்த பாரிட் (வடிகால்) எல்லாமே ஒரே கலர்ல வீட்டு நிலமா பூசியிருந்துச்சு.

விசயம் என்னன்னா, 1976ஆம் வருசத்து நகர், கிராமத் திட்டமிடல் சட்டம், அதாவது ஆக்தா 172, அதுல மூணு அடுக்கு இருக்கு. நாட்டுக்கு ஒரு திட்டம், மாநிலத்துக்கு ரான்சாங்கான் ஸ்ட்ரக்தூர் (கட்டமைப்புத் திட்டம்), அப்புறம் நம்ம ரோடு நம்ம லோட் (மனை) வரைக்கும் தெரியற ரான்சாங்கான் தெம்பாத்தான். இந்தக் கடைசி அடுக்கோட நகல குறைஞ்சது நாலு வாரம் வெளிய வைக்கணும், அந்த நேரத்துல யார் வேணும்னாலும் எழுத்துல எதிர்ப்பு குடுக்கலாம், நேர்ல வந்து பேசணும்னும் கேக்கலாம். எங்க மரம் நிக்கும், எங்க தண்ணி தங்கும், எங்க பேக்டரி வரும் எல்லாம் இங்கதான் முடிவாகுது. அத விட்டுட்டு அப்புறம் மரக்கன்னு நட்டு போட்டோ எடுத்து என்னா புண்ணியம்?

"பக்கத்துல கட்டுறதா இருந்தா எனக்கு கடுதாசி வரும்லா"ன்னு இன்னும் நெறய பேரு நம்பிக்கிட்டு இருக்காங்க. அந்தச் சட்டத்துல பக்கத்து நிலக்காரங்களுக்கு தெரியப்படுத்தி 21 நாள் டைம் குடுக்கற விதி, ரான்சாங்கான் தெம்பாத்தான் இல்லாத எடத்துக்குத்தான். திட்டம் ஏற்கனவே இருந்தா உங்க எதிர்ப்பையும் அப்பவே கேட்டாச்சுன்னு கணக்கு. அதுமட்டுமா, குடுக்கறப்ப ஒரே கடுதாசிய போட்டோஸ்டேட் எடுத்து எல்லாரும் கையெழுத்துப் போட்டு குடுக்கறது சோம்பேறித்தனம்னுதான் நான் சொல்லுவேன். லோட் நம்பர், ரோட்டு பேரு, எந்த மாசம் எவ்ளோ உயரத்துக்கு தண்ணி ஏறுச்சு, போட்டோ, இதெல்லாம் போட்டு பத்து பேரு தனித்தனியா எழுதினாலே அதோட கனம் வேற. நேரத்தோட குடுத்தா என்னா ஆகும்னு நம்ம மாவட்டத்துலயே பார்த்தோம்: கோலலங்காட் உத்தாரா வனத்துல 930 ஹெக்டருக்கு மேல காப்புக்காடு பட்டியல்லேர்ந்து எடுக்கப் போறதா 2020ல நோட்டீஸ் வந்தப்ப 45,000க்கு மேல எதிர்ப்பு குவிஞ்சுது. அப்படியும் 2021ல பாதிக்கு மேல எடுத்துட்டாங்க, ஊரே கொதிச்சுது, சில நாள்லயே மாநில அரசு முடிவ மாத்தி திரும்பவும் காப்புக்காடா ஆக்குறோம்னு அறிவிச்சுச்சு. அது சதுப்புக் கரிமண் காடு, காய்ஞ்சா வாரக்கணக்குல புகையும், பந்திங்காரனுக்கு அந்த வாசனை தெரியும்.

இப்ப தண்ணிக்கு வருவோம், இதுதான் எனக்கு வயித்தெரிச்சல். செம்பனைத் தோட்டம்னா சும்மா கெடக்கற நிலம், அங்க வீடு கட்டினா ஒண்ணும் கெட்டுப் போகாதுன்னு ஒரு நெனப்பு. தோட்டத்துல பொறந்தவனுக்குத் தெரியும், அது பூராவும் தண்ணிக்காக வெட்டின எடம். வரிசைக்கு நடுவுல சின்ன பாரிட், அது போயி பெரிய பாரிட், அது போயி கடலோரப் பண்டு (மண் கரை) ஓரத்துல வாட்டர்கேட். கடல் இறங்கறப்ப கேட்ட தொறப்பாங்க, ஏறறப்ப மூடிடுவாங்க. மூடியிருக்கற நேரத்துல மழை பேஞ்சா அந்தத் தண்ணி பாரிட்லயும் மரத்தடியிலயும்தான் நின்னு காத்துக்கிட்டு இருக்கும், கேட் தொறக்கற வரைக்கும் எங்கப்பா தோட்டத்து வேலைக்குப் போகாம வீட்டுல உக்காந்திருப்பாரு.

கணக்கு ஒண்ணும் கஷ்டம் இல்ல. ஒரு ஹெக்டர்ல 100 மில்லிமீட்டர் மழை விழுந்தா அது 10 லட்சம் லிட்டர். மண்ணு இருந்தா ஒரு பங்க குடிச்சிடும், மிச்சம் மெதுவா நகரும். கூரை, தார் ரோடு, சிமெண்டு பூசின வீட்டு முன்வாசல்னு ஆக்கிட்டா பெரும்பங்கு ஒரே நேரத்துல லோங்காங்குக்கு (தெரு வாய்க்காலுக்கு) ஓடி வரும், ஆனா கேட்டு என்னமோ அதே கேட்டு, கடலும் அதே கடல். இதுல புதுத் தாமான மண்ணு கொட்டி நாலடி ஒசத்திட்டா அவங்க வீட்டுக்கு ஒண்ணும் ஆகாது, பழைய கம்போங் கிண்ணம் மாதிரி ஆயிடும். 2021 டிசம்பர்ல ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவுல ஜனங்க மாடியில மாட்டிக்கிட்டு தவிச்சத மறந்திருக்க மாட்டீங்க. அந்த வெள்ள சீசன்ல நாடு பூரா ஏற்பட்ட நட்டம் 6.1 பில்லியன் ரிங்கிட்டுன்னு புள்ளிவிவர இலாகா கணக்கு போட்டுச்சு.

இதுக்கு விதி இல்லாம இல்ல. வடிகால் நீர்ப்பாசன இலாகாவோட மானுவல் சாலிரான் மெஸ்ரா ஆலாம் (சுற்றுச்சூழலுக்கு ஒத்த வடிகால் கையேடு) 2001லேர்ந்து நடப்புல இருக்கு, 2012ல ரெண்டாம் பதிப்பும் வந்துச்சு. கட்டறதுக்கு முன்னால உச்ச நேரத்துல எவ்ளோ தண்ணி வெளிய போச்சோ, கட்டுன பொறகும் அதுக்கு மேல போகக்கூடாதுங்கறதுதான் அதோட அடிப்படை, அதுக்குத்தான் தாமான்ல கோலம், அதாவது மழைத்தண்ணிய தேக்கி வைக்கிற குளம், தோண்டறாங்க. நாம பண்ற தப்பு, அந்தக் கோலத்த வேஸ்ட் எடம்னு நெனைக்கிறது. எங்க தாமான் கோலத்துல பழைய மெத்தை, செராமிக் உடைசல், ஒரு பிரிட்ஜ் கூட கெடந்துச்சு, போன வருசம் அத தூத்துட்டு புட்சால் கோர்ட் கேப்போம்னு மீட்டிங்ல ஒருத்தர் சொன்னதுக்கு கைதட்டு வேற. மழை இல்லாத நாள்ல காலியா இருந்தாத்தான் அது ஒழுங்கா வேலை செய்யுதுன்னு அர்த்தம், அத சொல்லி புரிய வைக்கிறதுக்குள்ள என் தொண்டை போச்சு.

மரத்து விசயத்துல, பெரிய தூங்குமூஞ்சி மரத்த வெட்டிட்டு பதிலுக்கு அழகுப் பனை பத்து வச்சா சரியாப் போச்சுன்னு நெனைக்கிறது. நிழலே குடுக்காத மரம் எதுக்கு, பஸ் ஸ்டாப்புல நிக்கற பாட்டிய கேட்டுப் பாருங்க. தரையிலேர்ந்து அரை மீட்டர் உயரத்துல சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேல இருக்கற மரத்த அனுமதி இல்லாம வெட்டக்கூடாதுன்னு அதே 172ல இருக்கு, காய்ஞ்சு போனது, ஆபத்தானதுக்கெல்லாம் விலக்கு உண்டு. நான் எங்கம்மாவோட தையல் டேப்ப எடுத்துக்கிட்டு போயி கோயில் பக்கத்து மரங்கள அளந்தேன், ஒன்றரை மீட்டர் டேப்பு, மூணு மரத்துக்கு பத்தவே இல்ல.

கெரான்ல, அதாவது நிலப் பட்டாவுல, என்னா எழுதியிருக்குன்னு பார்க்காம விடறது இன்னொரு தப்பு. நிலச் சட்டத்துல நிலத்துக்கு மூணு வகை, விவசாயம், கட்டடம், தொழில். செம்பனை லோட்டுக்கு நடுவுல தகரக் கொட்டகை போட்டு ராத்திரி ராத்திரி லோரி வந்துச்சுன்னா, வேலி போட்டாச்சே, லைசென்ஸ் இருக்கும்னு நாமளே முடிவு பண்ணிக்கிறோம். 2018 ஆரம்பத்துல சீனா பிளாஸ்டிக் குப்பைய வாங்கறத நிறுத்தினப்ப நம்ம ஜென்ஜாரோம்ல சட்டவிரோத ஆலைங்க முளைச்சு ராத்திரியில எரிச்ச கதை உலகத்துக்கே தெரியும். அத மொதல்ல கவனிச்சு புகார் மேல புகார் குடுத்தது மூச்சு விட முடியாம இருமுன அக்கம்பக்கத்து ஜனங்கதான்.

கடைசியா ஒண்ணு, இது நம்ம ஆளுங்களுக்கு ரொம்ப வலிக்கிற எடம். "வீடு வேணுமா, பூங்கா வேணுமா"ன்னு கேட்டா மாட்டிக்காதீங்க. கோலாலம்பூர் புக்கிட் கியாராவுல பழைய தோட்டத் தொழிலாளிங்க 1980கள்லேர்ந்து ரூமா பாஞ்சாங்ல (லயம் மாதிரி வரிசை வீட்டுல) காத்துக் கெடந்தாங்க, அவங்களுக்கு வீடு குடுக்கறோம்னு சொல்லி பூங்கா எடத்துல உயர உயரமா கொண்டோவும் சேர்த்து கட்ட அனுமதி குடுத்தாங்க. வழக்கு வருசக்கணக்கா ஓடி 2023 ஏப்ரல் 18ல கூட்டரசு நீதிமன்றம் அந்த அனுமதிய ரத்து பண்ணிச்சு, நகரத் திட்டத்த அதிகாரிங்க இஷ்டத்துக்கு ஒதுக்கி வைக்க முடியாதுன்னு ஆச்சு. தீர்ப்பு நல்ல தீர்ப்புதான். ஆனா இத்தன வருசத்துல பூங்காக்காரங்களும் லயத்துக்காரங்களும் எதிரெதிர் பக்கம் நின்னாங்க பாருங்க, அதத்தான் என்னால ஜீரணிக்க முடியல. தொழிலாளிக்கு வீடுங்கறதும் திட்டத்துல மொத நாளே தனி லோட்டா எழுதப்பட வேண்டிய விசயம்தானே, கொண்டோவுக்கு எதுக்கு ஒட்டாப் போடணும்?

எங்க தாமான்ல இப்ப ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கோம். ரிட்டையர் ஆன கிராணி (தோட்டத்து ஆபீஸ் எழுத்தர்) ஐயா ஒருத்தர் இருக்காரு, மாசம் பொறந்தா நகராண்மைக் கழக நோட்டீஸ் எல்லாத்தையும் ஒண்ணு விடாம படிச்சு வாட்சாப் குரூப்புல வாய்ஸ் போடணும், அதுதான் அவரு வேலை. விடியக்காலை அஞ்சரைக்கே போட்டுடறாரு, தோட்டத்துல காலையில பெரட்டுல (வேலைக்கு வந்த ஆளுங்கள கணக்கெடுக்கறப்ப) பேர் கூப்பிடற அதே கொரலு, பதில் சொல்லாதவங்க பேர மறுபடியும் கூப்பிடுவாரு.