வெளுத்துப்போன கார் பெயின்ட்டை மீட்க

நண்பனின் பழைய சிவப்புக் கார் பல வருடம் வெயிலில் நின்று பானட்டும் கூரையும் சுண்ணாம்பு பூசியதுபோல் ஆகிவிட்டன. 'பெயின்ட் அடிச்சிடலாமாடா?' என்று கேட்டான். அவசரப்படாதே என்று இரண்டு ஞாயிறு உட்கார்ந்து பார்த்தேன்.

முதலில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். நனைந்ததும் பழைய நிறம் தெரிந்தால் மேலே வெயிலில் கெட்ட மெல்லிய படலம்தான், அதைத் தேய்த்து எடுத்துவிடலாம். நிறமில்லாத மேல்பூச்சான கிளியர்கோட்டே தோல்தோலாக உரிந்திருந்தால் எந்தப் பாலிஷும் உதவாது, அந்தப் பாகத்துக்குப் புது பெயின்ட்தான்.

கழுவி, கிளே பாரை (அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற கட்டி) ஈரம் வைத்து வழுக்கலாக ஓட்டி, ஒட்டியிருக்கும் அழுக்கை எடுங்கள். அப்புறம் நிழலில், உலோகம் குளிர்ந்திருக்கும்போது, ஓர் அடிக்கு ஓர் அடி இடத்தில் மட்டும் ரப்பிங் காம்பவுண்டை (மேல் படலத்தைத் தேய்த்தெடுக்கும் பசை) போட்டுத் தேய்த்துப் பாருங்கள். துணியில் கார் நிறம் ஏறினால் பயப்பட வேண்டாம், அந்த வண்டியில் கிளியர்கோட் இல்லை, அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு தேய்ப்பிலும் பெயின்ட்டே குறைகிறது என்பதால் நிறம் திரும்பியதும் கையை எடுத்துவிடுங்கள். விளிம்புகளில் பெயின்ட் மெல்லியதாக இருக்கும், அங்கே கண்டிப்பாக மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள், இதை விட்டுவிட்டுத்தான் பலர் உலோகம் தெரியும்வரை தேய்த்துவிடுகிறார்கள்.

நகம் மாட்டும் கீறல் பெரும்பாலும் பாலிஷில் போகாது. அதை டச்-அப் பெயின்ட்டுக்கு விடுங்கள்.

கடைசியில் பாலிஷ், அதன்மேல் வேக்ஸ். சில மாதத்துக்கு ஒருமுறை வேக்ஸ் போடாவிட்டால் திரும்பவும் வெளுக்கும், நண்பனிடம் இதைச் சொல்லித்தான் சாவியைக் கொடுத்தேன்.