சாவி யாரிடம் இருக்கிறது? நெல்லைச் சீமையில் ஊர் சுற்றுகிறவர்கள் செய்யும் தவறுகள்

திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் கோயிலுக்கு முதல்முறை போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. நடை சாத்தியிருந்தது. ஐந்து நிலைக் கோபுரத்துக்கு உள்ளே மரச்சிற்பங்களும் சுவர் நிறையப் பழைய ஓவியங்களும் இருப்பதாகக் கேள்விப்பட்டு, பாளையங்கோட்டையிலிருந்து டிவிஎஸ் ஃபிஃப்டியை முறுக்கிக்கொண்டு வந்திருந்தேன். ஆற்றங்கரை மர நிழலில் நாலு மணி வரை படுத்துக் கிடந்தேன். நாலு மணிக்கு நடை திறந்தது. கோபுரக் கதவு திறக்கவில்லை.

“அதுக்கு முன்னாடியே ஆபீஸ்ல கேட்டிருக்கணும் தம்பி. சும்மா ஏற விட மாட்டாவ” என்றார் பூக்கட்டிக்கொண்டிருந்த ஆச்சி.

ஒரே நாளில் இரண்டு தவறு. ஒன்று, உச்சி வேளையில் போனது. இந்தப் பக்கம் பெரும்பாலான கோயில்கள் 12 மணியை ஒட்டிச் சாத்தினால் சாயங்காலம்தான் திறக்கும். ஆகவே காலையும் மாலையும் கோயிலுக்கு, நடுப்பகல் கோட்டைக்கும் பாலத்துக்கும் சோற்றுக்கும் என்று கிளம்பும்போதே பிரித்துக்கொள்ள வேண்டும். பாலம் என்றதும் சிரிக்காதீர்கள். நெல்லையையும் பாளையையும் சேர்க்கிற சுலோச்சன முதலியார் பாலம் 1843இல் ஒரு தனிமனிதர் தன் கைக்காசைப் போட்டுக் கட்டியது. தினமும் அதன்மேல் போகிறவர்களில் எத்தனை பேர் கீழே இறங்கி அந்த வளைவுகளைப் பார்த்திருக்கிறார்கள்?

இரண்டாவது தவறுதான் பெரியது. சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்காமல் போனது.

‘மறக்கப்பட்ட இடங்கள்’ என்று வீடியோ போடுகிறார்கள். நாற்பது வருஷமாகச் சுற்றுகிறேன், ஊர்க்காரர்கள் மறந்துபோன இடம் என்று ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை. முள்ளடர்ந்த மண்டபமாக இருந்தாலும் வெள்ளிக்கிழமை விளக்குப் போட ஒரு பாட்டி வருவார். பூட்டு தொங்கினால் சாவிக்கு ஒரு வீடு இருக்கும். அந்த வீட்டைக் கண்டுபிடிப்பதுதான் பயணத்தின் பாதி வேலை. காரை நேரே இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். ஊர் முக்கில் டீக்கடையில் நிறுத்துங்கள். டீ சொல்லிவிட்டு, “அண்ணாச்சி, கோயில் சாவி யார்ட்ட இருக்கு?” என்று கேளுங்கள். “நீங்க எந்த ஊரு?” என்று பதிலுக்கு ஒரு கேள்வி வரும். அதற்குப் பொறுமையாகப் பதில் சொன்னால் பாதிக் கதவு திறந்த மாதிரி.

கேட்பதிலும் தவறு உண்டு. புத்தகப் பெயரைச் சொல்லிக் கேட்டால் சில ஊர்களில் விழிப்பார்கள். ஆதிச்சநல்லூரில் ‘தொல்லியல் மேடு எங்கே?’ என்று கேட்பதைவிட ‘பரம்பு எங்க இருக்கு?’ என்று கேட்டால் சட்டென்று கை நீளும். தூரத்தை மட்டும் கேட்கவே கூடாது. “இந்தா, கிட்டத்தான்” என்பது அரை கிலோமீட்டராகவும் இருக்கலாம், ஆறாகவும் இருக்கலாம். “அந்த வழியா பஸ் போவுமா?” என்று கேளுங்கள். பஸ் போகும் என்றால் உங்கள் காரும் போகும். “மினி பஸ் வரும்” என்றால் எதிரே ஒன்று வந்தால் ஒதுங்க இடமிருக்காது என்று அர்த்தம். “டிராக்டர் போவும்” என்றால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடங்கள்.

மண்ணைப் பார்க்காமல் வண்டியை இறக்குவது அடுத்த தவறு. இதில் நான் பட்ட பாட்டுக்கு அளவில்லை. நெல்லைச் சீமையில் ஐந்து வகை நிலமும் உண்டு என்று பெருமை பேசுவோம். அப்படியென்றால் வண்டி மாட்டிக்கொள்ளவும் ஐந்து வகை வழி உண்டு. கயத்தாறு, கோவில்பட்டி, ஓட்டப்பிடாரம் பக்கம் கரிசல். காய்ந்திருந்தால் சிமெண்டுத் தரை, ஒரு மழை பெய்தால் பசை. சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் மண் அப்பி, கடைசியில் சக்கரமே சுற்றாது. ஒரு வேலிக்குச்சியை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நோண்டியிருக்கிறேன். மழை விட்டு நன்றாக வெயில் அடிக்காமல் கரிசல் காட்டுப் பாதையில் இறங்காதீர்கள். நடந்தாலும் செருப்பு ஒவ்வொன்றும் இரண்டு கிலோ கனக்கும்.

தேரி இதற்கு நேர் எதிர். திருச்செந்தூரிலிருந்து திசையன்விளை வரைக்கும் உள்ள செம்மணல் மேடுகள் கோடையில்தான் மோசம். காய்ந்த மணலில் சக்கரம் புதைந்ததும் எல்லோரும் செய்வது ஆக்ஸிலரேட்டரை மிதிப்பது. மிதிக்க மிதிக்க வண்டி குழி தோண்டிக்கொள்ளும். குதிரைமொழித் தேரியில் என் கார் அப்படி உட்கார்ந்தபோது ஒரு பனையேறி வந்து பார்த்தார். “காத்தக் கொஞ்சம் இறக்கி விடுங்க. நான் ஓலை கொண்டாரேன்” என்றார். டயர் காற்றைக் குறைத்து, மணலை ஒதுக்கி, பனையோலையைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்து மெதுவாக எடுத்தோம். அதற்கப்புறம் தார் ரோட்டோரம் நிறுத்திவிட்டு நடந்துதான் தேரிக்குள் போகிறேன், அதுவும் விடியற்காலையில். மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்குப் போனால், அவ்வளவு சிவந்த மணலுக்கு நடுவில் சுனையில் தண்ணீர் கிடப்பதைப் பார்த்து வாயடைத்துப் போவீர்கள். மாசிக்குப் பிறகு போனால் பதநீரும் கிடைக்கும். காலையிலேயே குடித்துவிடுங்கள், வெயில் ஏறினால் புளிக்கும்.

இனி பார்க்கும் இடத்தில் நடக்கும் தவறு. பாஞ்சாலங்குறிச்சிக்குப் போகிறவர்கள் கோட்டை முன்னால் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அது 1974இல் கட்டிய நினைவுக் கோட்டை. கட்டபொம்மனை 1799 அக்டோபர் 16ஆம் தேதி கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். ஊமைத்துரை மறுபடி எழுப்பிய கோட்டையை 1801இல் வெள்ளைக்காரர்கள் தரைமட்டம் ஆக்கினார்கள். அந்தப் பழைய கோட்டையின் அடித்தளம் அங்கேயேதான் கிடக்கிறது. போரில் செத்த வெள்ளைக்காரச் சிப்பாய்களின் கல்லறைகளும் பக்கத்தில் உண்டு. கொற்கையில் இதே தவறு வேறு மாதிரி நடக்கும். பாண்டியர் துறைமுகம் என்று கேட்டுவிட்டு அலையைத் தேடுவார்கள். தாமிரபரணி வண்டல் கொட்டிக் கொட்டிக் கடலை ஆறேழு கிலோமீட்டர் தள்ளிவிட்டது. இப்போது அங்கே வயலும் வாழையும்தான். குளக்கரை, பழைய வன்னி மரம், அக்கசாலைப் பிள்ளையார் என்று நிதானமாகப் பாருங்கள். அக்கசாலை என்றால் நாணயம் அடிக்கும் இடம். துறைமுகம் போய்விட்டது, பெயர் மட்டும் பிள்ளையாரிடம் நிற்கிறது.

எதையும் எடுத்து வராதீர்கள். ஒரு பானை ஓடுதானே என்று தோன்றும். ஆதிச்சநல்லூரில் எடுத்துக்கொண்டு போகிற பழக்கம் 1876இல் ஜாகர் என்ற ஜெர்மானியரோடு தொடங்கியது. அவர் தோண்டியவை பெர்லினுக்குப் போயின. பிற்பாடு தொல்லியல் அதிகாரி அலெக்சாண்டர் ரீ எடுத்தவை சென்னைக்குப் போயின. முதுமக்கள் தாழிகளைக் கிடந்த இடத்திலேயே கண்ணாடி வழியாகப் பார்க்கும் வசதி 2023இல்தான் வந்தது. பூமிக்குள்ளிருந்து கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. பெயர் கிறுக்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கழுகுமலைச் சமணச் சிற்பங்களின் கீழே வட்டெழுத்தில் பெயர்கள் இருக்கின்றன, உண்மைதான். அவர்கள் சிலையைச் செய்வித்துவிட்டுப் பெயர் போட்டுக்கொண்டார்கள். நீங்கள் என்ன செய்தீர்கள்? (கழுகுமலைக்கும் காலையில் போங்கள். வெட்டுவான் கோயில் மொட்டைப் பாறையில், மலையை மேலிருந்து கீழாகக் குடைந்து பாதியில் நின்றுபோன வேலை. பகலில் கால் வைக்க முடியாது.)

சுடலைமாடன், இசக்கியம்மன் பீடங்களைப் பார்த்ததும் செல்போனை நீட்டுவதும் சரியில்லை. அது யாரோ ஒரு குடும்பத்தின் குலசாமி. செருப்பைத் தள்ளிக் கழற்றிப் போட்டுவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்.

மாஞ்சோலை விஷயத்தில் எனக்குக் கோபமே உண்டு. 1929இல் சிங்கம்பட்டி ஜமீன் 99 வருஷக் குத்தகைக்கு விட்ட மலை அது. குத்தகை முடியப்போகிறது என்று 2024இல் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களைக் கீழே இறங்கச் சொன்னார்கள். தலைமுறை தலைமுறையாக இருந்த லயன் வீடுகளை விட்டுவிட்டு இறங்கியவர்கள் இன்னும் கண் முன்னால் இருக்கும்போது, அதைப் ‘பேய் ஊர்’ என்று பார்க்கக் கிளம்புவது என்ன ரசனை? போகவே வேண்டும் என்றால், அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். மாஞ்சோலைக்கும் சரி, காரையாற்றுக்கும் சரி, அன்றன்றைக்கு என்ன விதி என்று முந்தின நாளே வனத்துறையில் கேட்காமல் போனால் செக்போஸ்ட்டோடு திரும்ப வேண்டியதுதான். நான் மூன்று முறை திரும்பியிருக்கிறேன்.

ஆற்றில் கண்ட இடத்தில் இறங்காதீர்கள். தாமிரபரணி மேலே சாந்தமாகத்தான் ஓடும். மணல் அள்ளிய குழியும் கசம் என்கிற ஆழமான மடுவும் கரையிலிருந்து பார்த்தால் தெரியாது. ஊர்ப் பெண்கள் துணி துவைக்கிற படித்துறைதான் பத்திரமான இடம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் போனால் ஓர் அடிதானே என்று வண்டியை விடாதீர்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்றுபோனது. உடைந்த பாலம் செல்போன் வரைபடத்துக்குத் தெரிய நாளாகும். ஆனி, ஆடியில் வள்ளியூர், பணகுடி பக்கம் பைக்கில் போகிறவர்கள் கணவாய்க் காற்றுக்குத் தயாராகப் போங்கள். காற்றாலைகளை அங்கே சும்மா நட்டு வைக்கவில்லை.

ஒரே நாளில் எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்ற நினைப்பு கடைசித் தவறு. கிருஷ்ணாபுரம், ஆதிச்சநல்லூர், ஸ்ரீவைகுண்டம், கொற்கை, மணப்பாடு எல்லாம் வரைபடத்தில் ஒரே கோடு மாதிரி தெரியும். கிருஷ்ணாபுரத்துக் கல் தூண்களிலேயே காலைப்பொழுது போய்விடும். அதற்குள் நடை சாத்திவிடுவார்கள். ஒரு நாளைக்கு இரண்டு இடம் போதும். மூன்றாவது இடத்தில் சாவிக்காரர் வீட்டில் இருக்க மாட்டார், மகள் வீட்டுக்குப் போயிருப்பார்.

சாவிக்காரரைப் பார்த்தால் அவருடைய நம்பரைக் கண்டிப்பாக வாங்கிக்கொள்ளுங்கள், ஊர்ப் பெயரோடு சேர்த்துப் பதியுங்கள். ஆரம்பத்தில் நான் அதைச் செய்யவில்லை. என் செல்போனில் இன்றைக்கும் ‘சாவி அண்ணாச்சி’ என்று மூன்று பேர் இருக்கிறார்கள். எவர் எந்த ஊர் என்று கூப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும்.