கேட்ஸ்பி படிப்பவர்கள் செய்யும் தவறுகள்

பரீட்சை நெருங்கினால் ஆங்கில இலக்கிய மாணவர்கள் சிலர் ஃபிட்ஸ்ஜெரால்ட் எழுதிய ‘தி கிரேட் கேட்ஸ்பி’ நாவலை எடுத்துக்கொண்டு என்னிடம் வருவார்கள். அவர்கள் எழுதிய பதில்களைப் படித்தால், நான் எம்.ஏ. படித்த காலத்தில் எழுதியவை மாதிரியே இருக்கின்றன. பெயர்க் குழப்பம், எழுத்துப்பிழை எல்லாம் போகப்போகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

நிக் சொன்னதை ஆசிரியர் சொன்னதாக எழுதுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். “ஃபிட்ஸ்ஜெரால்ட் கேட்ஸ்பியைப் பாராட்டுகிறார்” என்று ஆரம்பிப்பார்கள். பாராட்டுவது நிக் கேரவே. அவன் கதையைச் சொல்பவன், கதைக்குள்ளேயே இருக்கும் ஆள். நானும் ஒரு முழுக் கட்டுரையை இந்தக் குழப்பத்தின் மேலேயே கட்டினேன். இருபதுக்கு ஏழு மதிப்பெண். ஓரத்தில் “சொல்வது யார்?” என்று மட்டும் எழுதியிருந்தது. நாவலை மறுபடி முதலிலிருந்து படித்த பிறகுதான் அந்தக் கேள்வி எனக்கு உறைத்தது.

யாரையும் அவசரப்பட்டு எடைபோடுவதில்லை என்று முதல் பக்கத்திலேயே சொல்கிறான் நிக். அப்புறம் எல்லாரையும் எடைபோடுகிறான். தனக்குத் தெரிந்த நேர்மையான சிலரில் தானும் ஒருவன் என்று மூன்றாம் அத்தியாயத்தை முடிக்கிறான். சரி, ஐந்தாம் அத்தியாயத்தில் என்ன செய்கிறான்? இன்னொருவன் மனைவியான தன் உறவுக்காரி டெய்சியைத் தேநீருக்கு அழைத்து, கணவன் டாமைக் கூட்டிவராதே என்று சொல்லி, அவளுடைய பழைய காதலன் கேட்ஸ்பியைச் சந்திக்க வைக்கிறான். டாமின் கள்ளக்காதலி மர்ட்டில் மீது மோதி அவளைக் கொன்ற காரை டெய்சிதான் ஓட்டினாள் என்று கேட்ஸ்பி வாயிலாகவே தெரிந்த பிறகும், கடைசியில் டாமிடம் அதைச் சொல்லாமல் விடுகிறான். இவ்வளவையும் எழுதுவது இரண்டு ஆண்டு கழித்து, நினைவிலிருந்து.

அதற்காக நிக் பொய்யன் என்று எழுதிவிடாதீர்கள். அது அடுத்த பள்ளம். அவன் துக்கத்தில் இருக்கும் நண்பன். கேட்ஸ்பியின் போக்கு தனக்குப் பிடிக்கவே இல்லை என்றும் சொல்கிறான், மற்ற எல்லாரையும் சேர்த்தாலும் அவனுக்கு ஈடாகாது என்றும் சொல்கிறான். இரண்டும் உண்மைதான்.

நான் மாணவர்களைப் பென்சிலால் மூன்று விதமாகக் குறிக்கச் சொல்கிறேன்: நிக் நேரில் பார்த்தது, பிறர் சொல்லிக் கேட்டது, ஊகித்தது. லூயிவில் நகரில் கேட்ஸ்பியும் டெய்சியும் காதலித்ததை முதலில் சொல்வது டெய்சியின் தோழி ஜோர்டன். இளவயதில் தன்னை வேலைக்கு வைத்துக்கொண்ட செல்வந்தர் டான் கோடியின் கப்பல் கதை கேட்ஸ்பி சொன்னது. சுட்டுக் கொல்லப்படும் முன் நீச்சல்குளத்தில் கேட்ஸ்பியின் மனதில் கடைசியாக ஓடிய எண்ணங்களோ முழுக்க நிக்கின் ஊகம். பலர் உருகி மேற்கோள் காட்டுவது அந்தப் பத்தியைத்தான்!

பச்சை விளக்கு = நம்பிக்கை

கேட்ஸ்பி தூரத்திலிருந்து ஏங்கிப் பார்க்கும், டெய்சி வீட்டுப் படகுத்துறையின் பச்சை விளக்கை நம்பிக்கையின் சின்னம் என்று மட்டும் எழுதுவார்கள். கைடு புத்தகத்துக்கு அது போதும். ஐந்தாம் அத்தியாயத்தில் டெய்சி பக்கத்தில் வந்து நின்றதும், அது மறுபடி வெறும் படகுத்துறை விளக்காகிவிடுகிறது. அந்த இடத்தை விட்டால் ஏமாற்றம் எங்கே தொடங்குகிறது என்பதே தெரியாது.

படத்தைப் பார்த்துவிட்டு எழுதுவது

வேண்டாம்.

ஆண்டுகளைக் கவனிக்காதது

1917-இல் காதல். 1919 ஜூனில் டெய்சிக்கும் டாமுக்கும் கல்யாணம். டாம் கொடுத்த முத்துமாலையின் மதிப்பு மட்டும் 3,50,000 டாலர். கதை நடப்பது 1922 கோடையில். நடுவே, 1920-இல் அமெரிக்காவில் மதுவிலக்கு வருகிறது; கேட்ஸ்பி கள்ளத்தனமாக மது விற்றவன் என்று டாம் குற்றம்சாட்டுகிறான். இதை வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு, மாளிகை வாங்கும் பணத்தை மூன்றே ஆண்டில் சம்பாதித்தேன் என்று கேட்ஸ்பி சொல்லும் இடத்துக்கு வாருங்கள். பரம்பரைச் சொத்து என்றல்லவா சொன்னீர்கள் என்று அங்கே நிக்கே கேட்கிறான். அதற்கு கேட்ஸ்பி சொல்லும் பதிலை மெதுவாகப் படியுங்கள்.